கலப்பின புளூபெல்லை நேரில் கண்ட அனுபவங்கள்

தேன்மொழி (கிழக்கு லண்டன்):
ஏப்ரல் கடைசியில் எங்கள் பகுதியிலுள்ள தொன்மையான காட்டில் நடந்துகொண்டிருந்தபோது, நீல மணிபோலப் பூக்கும் கிழங்குச் செடியான புளூபெல்லில், வீட்டுத் தோட்டங்களின் வேலியை ஒட்டி நின்ற ஒரு கொத்து மட்டும் கண்ணை உறுத்தியது. அதன் தண்டு பிரிட்டனின் சொந்த இனப் பூவைப்போல ஒரு பக்கமாக வளைந்து தொங்கவும் இல்லை. ஸ்பானியப் பூவைப்போல விறைத்து நிற்கவும் இல்லை. குனிந்து, பூவின் வாயை விரலால் மெல்ல விலக்கிப் பார்த்தேன். மகரந்தம் வெளிர்நீலமாக இருந்தது. நான்கைந்து அடி உள்ளே தள்ளி மலர்ந்திருந்தவற்றில் அது பாலாடை நிறத்தில் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பம்பிள் தேனீ அந்தக் கொத்துக்குள் நுழைந்து வெளிவந்து, நேரே உட்பக்கத்துப் பூக்களை நோக்கிப் பறந்தது. இந்த இரண்டு இனங்களும் கலந்து கலப்பினம் உண்டாவதைப் பற்றிப் படித்திருந்தது வேறு, அந்தத் தேனீயைத் தடுக்க வழியின்றி நின்றது வேறு. அந்தக் கவலை இன்னும் என்னை விட்டு அகலவில்லை.

எடின்பரோவாசி:
தேன்மொழி அவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. ஆயினும் அது சற்று மிகையானது என்றே கருதுகிறேன். ஸ்பானிய புளூபெல் 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோட்டச் செடியாக இங்கு வந்துவிட்டது. அது தோட்டத்துக்கு வெளியே வளர்வது 1909இலும், கலப்பினம் 1963இலும் முதன்முதலாகப் பதிவாயின. இத்தனை காலத்துக்குப் பிறகும், உலகின் சொந்த இன புளூபெல்களில் ஏறத்தாழப் பாதி பிரிட்டனில்தான் பூக்கிறது. எடின்பரோ அரச தாவரவியல் பூங்காவின் ஆய்வாளர்கள் இரு வகைகளையும் ஒப்பிட்டு, வந்த இனத்தைவிடச் சொந்த இனமே இனப்பெருக்க வளம் மிக்கது என 2019இல் தெரிவித்தனர். இங்குள்ள ஆற்றோர நடைபாதையில் கலப்பினம் அடர்ந்து கிடக்கிறது. கோடையில் அதன் காய்களைப் பிரித்துப் பார்த்தேன். பல காய்கள் வெறும் பதராக இருந்தன. அதைக் கண்ட பிறகு என் அச்சம் பெரிதும் தணிந்தது.

மாடித்தோட்டம் ரவி:
எங்கள் வாடகை வீட்டின் பின்புறத்தில், முன்பு குடியிருந்தவர் வைத்துவிட்டுப் போன கலப்பினம் வேலி முழுவதும் பரவியிருந்தது. மண்ணைக் கிளறினால் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிழங்குகள், சில முழங்கை ஆழத்தில்.

இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். இலை பச்சையாக இருக்கும்போதே தோண்டுங்கள். இலை வாடிய பிறகு கிழங்கு எங்கே கிடக்கிறது என்பது தெரியாது. இலையை மட்டும் அறுத்துவிட்டால் கிழங்கு அடுத்த ஆண்டு மீண்டும் தளிர்க்கும். தோண்டிய கிழங்குகளை அப்படியே உரக்குழியில் இடாமல், வெயிலில் நன்றாகக் காயவைத்தோ, கறுப்புப் பையில் கட்டி நெடுங்காலம் அழுகவிட்டோ, உயிர் அடங்கிய பிறகு இடுங்கள். தோட்டக் கழிவைக் காட்டோரத்தில் கொட்டுவதே இந்தச் செடி காட்டுக்குள் நுழையும் முக்கிய வழி. தேன்மொழி அவர்கள் கண்ட கொத்தும் வேலியோரத்தில்தான் நின்றது என்பதைக் கவனியுங்கள். சொந்த இனத்தை நட விரும்புவோர், அது நாற்றங்காலில் வளர்க்கப்பட்டதுதானா என்று கேட்டு வாங்குங்கள். காட்டிலிருந்து எடுத்து விற்பது 1998 முதல் சட்டப்படி குற்றம். பொட்டலத்தின் மேலுள்ள பெயரை மட்டும் நம்பாமல், முதல் பூ வந்ததும் மகரந்தத்தின் நிறத்தைப் பாருங்கள். விதையிலிருந்து பூக்க ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம் என்பதால் பொறுமையும் வேண்டும்.

கென்ட் கலா:
எடின்பரோ அண்ணா சொல்லும் ஆய்வை நானும் மதிக்கிறேன். ஆனால் சொந்த இனம் ஆயிரக்கணக்கில் நிற்கும் பெருங்காட்டுக்குப் பொருந்தும் ஆறுதல், நான்கு பக்கமும் தோட்டங்கள் சூழ்ந்த சிறு தோப்புக்குப் பொருந்தாது. காட்டுத் தாவரங்களின் பாதுகாப்புக்காக இயங்கும் பிளான்ட்லைஃப் அமைப்பு 2003இல் நடத்திய கணக்கெடுப்பில், ஆராயப்பட்ட அகன்ற இலைக் காடுகளில் ஆறில் ஒன்றில் ஸ்பானிய இனமோ கலப்பினமோ காணப்பட்டது. காய்கள் பதராக இருந்தாலும், மண்ணுக்கடியில் கிழங்கு பெருகுவது நிற்பதில்லையே.

எங்கள் ஊர்த் தோப்புக்கு அம்மாவை அழைத்துச் சென்றிருந்தேன். உட்பகுதியில் நின்றபோது இனிய மணம் வந்தது. மல்லிகையைப்போல மூக்கை நிறைக்காமல், காற்று அசையும்போது மட்டும் எட்டிப் பார்க்கும் மணம். வாயிலருகே பெரிய பூக்களாக ஒரு திட்டு இருந்தது. அம்மா முகத்தை அருகே கொண்டுபோய்விட்டு, "இதில் ஒன்றுமே இல்லையே" என்றார். அதன் இலைகள் இரண்டு விரல் அகலத்துக்குத் தடித்திருந்தன. அவை மடிந்து விழுந்த இடத்தில் வெள்ளை அனிமோன்களின் இலைகள் பாதி மூடிக் கிடந்தன. புளூபெல்லை மட்டுமே பேசிக்கொண்டிருந்தால், அதற்கு முன்னரே பூத்து முடியும் இந்தச் சிறு செடிகளை யார் பேசுவது?

நிலத்துக்கு உரியவரின் இசைவின்றிக் காட்டுச் செடியை வேரோடு எடுப்பது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதால் நான் கைவைக்கவில்லை. தோப்பைப் பராமரிப்பவரிடம் இடத்தைக் காட்டினேன். அவர் ஒரு கொத்தின் பூவைப் பிரித்து மகரந்தத்தைப் பார்த்துவிட்டு, திட்டைச் சுற்றிக் குச்சிகள் நட்டார். இலை வாடுவதற்குள், விதை உதிரும் முன்னரே தோண்டிவிடுவதாகச் சொன்னார்.