‘முற்றாப் பிசுபிசுப்பு’: காய்ந்த பின்னும் விரலில் ஒட்டும் பெயின்ட்டுக்கு ஒரு சொல்

அன்புடையீர், வணக்கம்.

வீட்டுக்குள் கதவு நிலை, சன்னல் சட்டம், சுவரடிப் பட்டை ஆகியவற்றில் அடித்த பெயின்ட் பல நாள் கழிந்த பின்னும் விரலில் ஒட்டும் குறைபாட்டுக்கு என்ன பெயரிடலாம் என்ற கேள்விக்கு இதுவரை வந்த பரிந்துரைகளைப் படித்தேன்.

> ‘உலராமை’ என்றே சொல்லிவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும் என்பதே என் கவலை. எனாமல் பெயின்ட்டில் உள்ள தின்னர் சில மணி நேரத்திலேயே பெரும்பாலும் ஆவியாகிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் அதிலுள்ள எண்ணெய் சார்ந்த பிசின் காற்றின் ஆக்சிஜனை ஏற்று, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்து கெட்டிப்படத் தொடங்குகிறது. இது நாள்கணக்கில், குளிரும் ஈரக்காற்றும் இருந்தால் வாரக்கணக்கில் நடக்கும். நீரில் கரைத்து அடிக்கும் அக்ரிலிக் வகையில் உள்ளே நடப்பது வேறு என்றாலும் நிலைமை ஒன்றே: நீர் போனதும் பிசின் துகள்கள் நெருங்கி ஒன்றாய் இணைகின்றன, அவற்றை இளக்கி இணையச் செய்யும் துணைக் கரைப்பான் மிக மெதுவாக வெளியேறுவதால், படலம் முழு வலிமை பெற ஏறக்குறைய 30 நாள் ஆகும். இரண்டிலும் ஈரம் போய்விட்டது, உருவாக வேண்டியது மட்டும் இன்னும் உருவாகவில்லை. இதை ‘உலராமை’ என்றால் பூச்சில் ஏதோ ஈரம் தங்கியிருப்பதாகத்தான் படிப்பவர் நினைப்பார்.

ஆகவே முதலில் இரண்டு வினைகளைப் பிரிக்க வேண்டும். தின்னரோ நீரோ, கரைப்பான் நீங்குவது உலர்தல். படலம் உறுதிப்படுவது முற்றுதல். இரண்டாவதற்கு ‘பதப்படுத்தல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். தோலைப் பதப்படுத்துகிறோம், அது நாம் செய்யும் வேலை. பூச்சோ தானாகவே, காலம் சென்று, உள்ளிருந்து மாறுகிறது. கதிர் முற்றுகிறது, மரம் முற்றி வைரம் பாய்கிறது என்று சொல்லும் மொழியில் இதற்கு வேறு சொல் தேட வேண்டியதில்லை. இளசு, முற்றல் என்ற இணையும் உடன் கிடைக்கிறது. கனமாக அடித்த பூச்சில் மேற்பரப்பு முதலில் தோல் கட்டி, ஆக்சிஜன் உள்ளே போக முடியாமல் அடிப்பகுதி இளசாகவே நின்றுவிடுகிறது என்று எழுதினால் விளக்கமே வேண்டாம்.

‘பிசுப்பு’ என்று சுருக்கலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. பிசுபிசுப்பு இரட்டைக்கிளவி, அதைப் பிரித்தால் பொருள் தராது என்பது இலக்கணம். நீளத்துக்கு அஞ்சி உயிருள்ள சொல்லை வெட்ட வேண்டாம். எனவே குறைபாட்டின் பெயராக ‘முற்றாப் பிசுபிசுப்பு’ என்பதை முன்வைக்கிறேன்.

பெயர் சரியாக இருந்தால் செய்ய வேண்டியதும் அதிலேயே தெரியும். முற்றாததற்குக் காற்றோட்டமும் மிதமான சூடும் அவகாசமும் தேவை. அதன்மேல் இன்னொரு கோட் அடிப்பது உள்ளிருப்பதை மேலும் அடைத்துவிடும். முகப்பவுடர் தூவுவது ஒட்டுவதைச் சில நாள் மறைக்கும், அவ்வளவுதான். மெழுகோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்த மரத்தின்மேல் அடித்திருந்தாலும், தேக்கு போன்ற எண்ணெய்ப்பசை மிகுந்த மரத்தில் நேரடியாக எனாமல் அடித்திருந்தாலும், காத்திருந்து பயனில்லாமல் போகலாம். பல வாரம் கடந்தும் நகம் பதிந்தால், மரம் தெரியும் வரை சுரண்டி, கரைப்பானால் துடைத்து, உப்புத்தாள் போட்டு, பொருத்தமான பிரைமர் அடித்து, மெல்லிய கோட்டுகளாக மீண்டும் தொடங்குவதே வழி.

ஓர் எச்சரிக்கை. நன்றாக முற்றிய பூச்சும் பின்னர் ஒட்டத் தொடங்குவதுண்டு: கைப்பிடியைச் சுற்றிக் கைகளின் எண்ணெய் படிந்த இடத்தில், அல்லது மென்மையான பிவிசி பட்டை அழுந்திக் கிடந்த இடத்தில், அதை மென்மையாக்கக் கலந்த ‘இளக்கி’ என்ற பொருள் பூச்சுக்குள் ஊறிய பிறகு. இதை முற்றாப் பிசுபிசுப்பு என்று குறிப்பது பிழை. ‘மீளிளகல்’ என்று தனிப் பெயர் கொடுத்துவிட்டால் குழப்பம் வராது.

கதவும் நிலையும் பூச்சோடு பூச்சாக ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது பெயின்ட் பெயர்ந்து வருவதற்கு ‘தன்னொட்டு’ என்ற சொல் என் மனத்தில் இருக்கிறது. ஆயினும் காகித உறையில் தானே ஒட்டும் பசையை அது நினைவூட்டுவதால், இதைவிட நல்லது எவருக்காவது தோன்றினால் மகிழ்ச்சியோடு விட்டுக்கொடுப்பேன்.

அகராதிப் பதிவு இவ்வாறு அமையலாம்: முற்றாப் பிசுபிசுப்பு (பெ.) – கரைப்பான் நீங்கி உலர்ந்த பூச்சுப் படலம், முற்றுதல் நிறைவுறாமையால் தொட்டால் ஒட்டும் நிலை.

அன்புடன்.