புதுப்பிப்பு: ஃபாஃப்னிர் எங்களுக்குக் கிடைத்துவிட்டது

ஃபைனல் ஃபேன்டசி 11 என்ற ஆன்லைன் விளையாட்டின் பழைய விதிகளில் ஓடும் சர்வரில், ஃபாஃப்னிர் என்ற டிராகனை எப்போதும் வேறொரு கில்டே (ஆட்டக்காரர் குழுவே) தட்டிக்கொண்டு போகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். வழி கேட்டிருந்தேன், அது வரும்வரை விழித்திருக்கும் காவலை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொள்ளப் பலரும் சொன்னீர்கள். அதுதான் பலித்தது.

டிராகன் செத்ததிலிருந்து 21 மணி நேரம் கழித்து, 24 மணி நேரத்துக்குள், அது மறுபடி தோன்ற அரை மணிக்கு ஒரு வாய்ப்பு. எதில் வரும் என்று யாருக்கும் தெரியாது. இந்த முறை அந்த நேரம் பின்னிரவில் வந்தது. முதல் பாதிக்குக் காட்பாடித் தம்பி, அப்புறம் குடியாத்தம் அண்ணன். கடைசி வாய்ப்பில்தான் டிராகன் தலைகாட்டியது. முதலில் கை வைத்தவருக்கே சொந்தம். மஞ்சளாக இருந்த பெயர் எங்கள் திரையில் சிவப்பானது, எதிர் கில்டுக்கு ஊதா. அண்ணன் கத்திய கத்தலில் வீடே எழுந்துவிட்டதாம்!

நேரம் தெரியாததுதான் இந்தப் போட்டியின் உயிர். ஆனாலும் காலையில் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய பாரம். அடுத்த காவலுக்கு வேலூர்ப் பக்கம் யாராவது வருகிறீர்களா?