லேசர் மார்க்கிங் மெஷின் தேர்வு: நீங்கள் எங்கே சறுக்கினீர்கள்?

நான் முதலில் வாங்கியது 60 வாட் சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு வாயு) லேசர் மெஷின். மரம், அக்ரிலிக், தோல் எல்லாம் அதில் அருமையாக வந்தன. ஒருநாள் ஒருவர் எவர்சில்வர் தகடுகளைக் கொண்டுவந்து வரிசை எண் போட்டுத் தரச் சொன்னார். 60 வாட் இருக்கிறதே என்ற தைரியத்தில் வாங்கி வைத்தேன். பவரை முழுதாக ஏற்றியும் தகட்டில் ஒரு கீறல்கூட விழவில்லை. சிஓ2 கதிரின் அலைநீளம் 10,600 நானோமீட்டர். வெறும் உலோகம் அதைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். கண்ணாடி இழையில் கதிரை உண்டாக்கும் ஃபைபர் லேசர் 1,064 நானோமீட்டர். அப்புறம் வாங்கிய 20 வாட் ஃபைபர் அதே தகட்டில் சில நொடிகளில் எண்ணைப் போட்டது. ஆனால் நிறமில்லாத அக்ரிலிக்கை அதன் கீழே வைத்தால் கதிர் ஊடுருவிப் போய் அடியில் இருப்பதைத்தான் சுடும். எத்தனை வாட் என்று விசாரிப்பதற்கு முன் எந்தப் பொருளில் போடப்போகிறோம் என்று முடிவு செய்துவிடுங்கள்.

ஃபைபர் வந்த பிறகும் ஒரு அடி வாங்கினேன். எவர்சில்வர் பாத்திரங்களில் பெயரை நன்றாக ஆழமாக வெட்டிக் கொடுத்தேன். சில வாரங்களில் எழுத்துப் பள்ளங்களுக்குள் மட்டும் பழுப்பாகத் துரு ஏறித் திரும்பி வந்தன. மேலே துருவைத் தடுக்கும் குரோமியம் ஆக்சைடு படலத்தை நானே சுரண்டி எடுத்திருக்கிறேன். இப்போது அனீலிங்தான். ஃபோகஸைக் கொஞ்சம் விலக்கி, வேகத்தைக் குறைத்து, வெட்டாமல் சூடாக்க மட்டும் செய்கிறேன். எழுத்து கறுப்பாக நிற்கும், நகத்தால் தடவினால் தட்டாது. சூடு மிஞ்சினால் இதிலும் துரு வரலாம், அதனால் கழிவுத் துண்டில் போட்டு, சில நாள் உப்புத் தண்ணீரில் வைத்துப் பார்க்காமல் வேலையைத் தொடுவதில்லை.

—

எனக்கு அடி லென்ஸில். பெரிய பரப்பு கிடைக்குமே என்று 160-க்குப் பதில் 254 மி.மீ. குவியத் தூரமுள்ள லென்ஸோடு மெஷினை வாங்கினேன். பெரிய லோகோக்கள் ஒரே மூச்சில் முடிந்தன, சரி. ஆனால் 1 மி.மீ. உயர எழுத்து வந்தபோது 8-க்கும் 6-க்கும் வித்தியாசமே தெரியவில்லை. லென்ஸின் குவியத் தூரம் கூடினால் புள்ளியும் தடிக்கிறது. 160-லிருந்து 254-க்குப் போனால் புள்ளியின் பரப்பு சுமார் இரண்டரை மடங்கு. அதே பவர் அவ்வளவு இடத்தில் பரவுவதால் வெட்டும் வேகமும் குறையும். இப்போது இரண்டு லென்ஸும் வைத்திருக்கிறேன். மாற்றும்போதெல்லாம் உயரத்தையும் அளவுத் திருத்தத்தையும் மறுபடி சரிசெய்ய வேண்டும். முதல்முறை அதை விட்டுவிட்டதால், சதுரத்தின் ஓரங்கள் வளைந்து வந்தன.

—

நீங்கள் இருவரும் புகையைப் பற்றிச் சொல்லவில்லை. தயவுசெய்து இதைப் படியுங்கள். தோல் என்று சொல்லித் தந்த பர்ஸ்களை நம்பி சிஓ2-வில் வைத்தேன். மூக்கைக் கிழிக்கிற நெடி. இரண்டு நாள் தொண்டை எரிந்தது, ஒரு வாரத்தில் மெஷினின் தண்டவாளத்தில் துருப் புள்ளிகள். அது ரெக்சின், அதாவது பிவிசி பூச்சு. சுட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். எக்ஸாஸ்ட் எவ்வளவு பெரிதானாலும் பிவிசி வேண்டவே வேண்டாம். சந்தேகம் வந்தால் செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அந்தப் பொருளைத் தொட்டு, கம்பியைத் திறந்த வெளியில் மறுபடி தீயில் காட்டுங்கள். பச்சைச் சுடர் எழுந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடியும் அப்படித்தான், நம்பிப் போடக்கூடாது. 450 நானோமீட்டர் டயோடு லேசருக்கு வாங்கியதை ஃபைபருக்குப் போடாதீர்கள். 1,064 கண்ணுக்குத் தெரியாது, இமை தானாக மூடாது, நேரே விழித்திரையில் குவியும். கண்ணாடியின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அலைநீளத்தைப் படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

—

அண்ணா, அனோடைஸ் செய்த (மேலே ஆக்சைடு படலம் ஏற்றிய) அலுமினியத்தில் கறுப்பு எழுத்து வேண்டும் என்கிறார்கள். சாதாரண ஃபைபர் போதுமா?

—

போதாது தம்பி. சாதாரண க்யூ-ஸ்விட்ச் (துடிப்பின் நீளத்தை மாற்ற முடியாத) ஃபைபரில் அது வெள்ளையாகவோ சாம்பலாகவோதான் வரும். லேசர் துடிப்பின் நீளத்தைக் குறைக்க முடிகிற மோபா வகை வேண்டும். வாங்கும் முன் உங்கள் தகட்டையே கொண்டுபோய், உங்கள் கண் முன்னால் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.