கறுப்பு டி-ஷர்ட் பிரிண்ட்: டிசைனைச் சுத்தி வெள்ளை விளிம்பு வருது, அவசரம்

நிலாக்கோடு:
வணக்கம். டேப்லட்ல வரைஞ்ச நிலா படம், சுத்தி மங்கலா ஒரு ஒளிவட்டம். திரையில நல்லா இருக்கு. சாம்பிள் வந்ததுல ஒளிவட்டம் இருக்க வேண்டிய இடத்துல சொரசொரன்னு வெள்ளை விளிம்பு. நீலமும் செத்துப் போச்சு. பின்னணி டிரான்ஸ்பரன்ட்தான், பார்த்துட்டேன். நாளைக்கு ஃபைனல் ஃபைல் கொடுக்கணும். எதை மாத்தணும்?

மைத்துளி:
எந்த முறையில அடிச்சாங்க? டிடிஜியா (துணியிலயே நேரா மை அடிக்கிறது), டிடிஎஃப்பா (ஃபிலிம்ல அடிச்சு பசைத்தூளால துணியில ஒட்டுறது), ஸ்க்ரீனா? துணி காட்டனா? ஃபைல் எத்தனை பிக்சல்? இது தெரியாம எது சொன்னாலும் குத்துமதிப்புதான்.

பிக்சல்பித்தன்:
ரெசல்யூஷன்தாங்க. 72 டிபிஐல (அங்குலத்துக்கு 72 பிக்சல்) வரைஞ்சிருப்பீங்க. 300ஆக மாத்துங்க, சரியாயிடும்.

சதுரக்கட்டம்:
எண்ணை மட்டும் மாத்தினா எதுவும் ஆகாது சகோ. 12 அங்குல அகலத்துக்கு 300 வேணும்னா 3600 பிக்சல் இருக்கணும். 1200தான் இருக்குன்னா அந்த அகலத்துல அது 100 டிபிஐ. பெரிசாக்கினா மென்பொருள் நடுவுல இருக்கிற பிக்சலை ஊகிச்சு நிரப்பும், கோடு மழுங்கும்.

இலைமறைகாய்:
ஃபைலை வாட்ஸ்அப்ல படமா அனுப்பினீங்களா? அது சுருக்கி ஜேபெக் ஆக்கிடும், ஒளிபுகும் பின்னணியே போயிடும். டாக்குமென்ட்டா அனுப்புங்க.

மைத்துளி:
பின்னணி போயிருந்தா முழுச் சதுரமும்ல விழுந்திருக்கும்? இவங்களுக்கு விளிம்புல மட்டும்தானே வருது.

அச்சுமேசை:
இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ தடவை வந்தாச்சு. பழைய இழைகளைத் தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. அச்சு என்றால் சிஎம்ஒய்கே, அதாவது நான்கு மைகளின் நிறமுறை. திரைக்கான ஆர்ஜிபி நிறமுறையில் வரைந்துவிட்டு நீலம் செத்துப் போச்சு என்றால் என்ன செய்வது? அடிப்படையைக் கற்றுக்கொண்டு வாருங்கள்.

மைத்துளி:
ஐயா, நீலத்துக்கு நீங்க சொல்ற காரணம் சரி. திரையில தெரியுற பளீர் நீலம் மைகளோட எல்லைக்குள்ள வராது. ஆனா வெள்ளை விளிம்பு வேற கதை.

நிலாக்கோடு, கறுப்புத் துணியில நிறத்துக்கு அடியில வெள்ளை மைப் படலம் ஒண்ணு போகும். இல்லைன்னா நிறமே தெரியாது. உங்க ஒளிவட்டத்துல இருக்கிறது அரைகுறையா ஒளிபுகும் பிக்சல். அதுக்கு அடியிலயும் வெள்ளை விழுது, மேல நிறம் மெலிசா இருக்கிறதால வெள்ளை எட்டிப் பார்க்குது. டிடிஎஃப்னா பசைத்தூளும் அங்கே சரியாப் பிடிக்காது, அதான் சொரசொரப்பு.

ஒளிவட்டத்தை ஹாஃப்டோன் புள்ளிகளா மாத்துங்க. ஒவ்வொரு புள்ளியும் முழு நிறம், இடையில முழுக்கக் காலி. தூரத்துலேர்ந்து பார்த்தா மங்கல் அப்படியே கிடைக்கும். டிசைனுக்குள்ள இருக்கிற கறுப்பையும் வெட்டி எடுத்துடுங்க, துணியோட கறுப்பே போதும்.

அச்சுமேசை:
சிஎம்ஒய்கேக்கு மாற்றி பிஎன்ஜி ஃபைலாகக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

சதுரக்கட்டம்:
பிஎன்ஜி சிஎம்ஒய்கேயை ஏத்துக்கவே ஏத்துக்காதுங்க. அதுல ஆர்ஜிபியும் கிரேஸ்கேலும்தான்.

அச்சுமேசை:
அப்படியானால் டிஃப் ஃபைல். ஆஃப்செட்டில் (தாள் அச்சில்) எப்போதும் அப்படித்தான் கொடுக்கிறோம்.

சதுரக்கட்டம்:
ஆஃப்செட் வேற, துணி வேற. டிடிஜி, டிடிஎஃப் ஆட்கள் நிறைய பேர் எஸ்ஆர்ஜிபி (வழக்கமான திரை ஆர்ஜிபி) ஃபைலைத்தான் கேட்கிறாங்க. மை பிரிக்கிறதை அவங்க ரிப் மென்பொருள் பார்த்துக்கும். நாம முன்னாடியே மாத்திக் கொடுத்தா, அந்த மெஷினால அடிக்க முடிஞ்ச சில நிறங்களையும் நாமே வெட்டி எறிஞ்ச மாதிரி ஆகும்.

அச்சுமேசை:
ரிப்பை நம்பிக் கொடுத்த வேலைகள் கெட்டதை நிறையப் பார்த்திருக்கிறேன். மாற்றிக் கொடுத்தால் என்ன வரும் என்று முன்கூட்டியே தெரியும்.

பிக்சல்பித்தன்:
சாஃப்ட் ப்ரூஃப்ல, அதாவது அச்சுல எப்படி வரும்னு திரையிலயே பார்த்தாலும் தெரியுமே? அச்சகத்துல அவங்க ஐசிசி ப்ரொஃபைலை (அவங்க மெஷினோட நிற விவர ஃபைல்) கேட்டு வாங்கினா ஃபைலை மாத்தாமலே பார்க்கலாம்.

அச்சுமேசை:
உங்கள் மானிட்டர் நிறத்தைச் சரியாகக் காட்டும்படி காலிபரேட் செய்யப்பட்டிருந்தால் மட்டும்.

நிலாக்கோடு:
டிடிஎஃப்தான், காட்டன். ஹாஃப்டோன் போட்டு அனுப்பினேன், விளிம்பு போயிடுச்சு. நீலம் இன்னும் கொஞ்சம் மங்கல்தான், பரவாயில்லை. மைத்துளிக்கு ரொம்ப நன்றி.

இலைமறைகாய்:
புள்ளி என்ன அளவு வச்சீங்க? எனக்கு ரொம்பச் சின்னப் புள்ளியெல்லாம் ஒரு துவைப்புல உதிர்ந்துடுது.

மைத்துளி:
அவங்க வர்ற வரைக்கும் இதைச் செஞ்சு பாருங்க: லைன் எண்ணிக்கையை (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி வரிசைன்னு) குறைச்சா புள்ளி பெரிசாகும், பசை நல்லாப் பிடிக்கும். ஓரத்துல இருக்கிற ஊசிமுனைப் புள்ளிகளை மொத்தமா அழிச்சிடுங்க.