அம்மா தனியாக கனடா போகிறா: பியர்சனில் அவவுக்கு என்ன உரிமை?

கோப்பாய்ப் பொடியன் கேட்டது:

அம்மாவுக்கு கனடா விசிட்டர் விசா வந்துவிட்டது. ரொறன்ரோவில் தங்கச்சிக்கு அடுத்த மாதம் பிள்ளை பிறக்கப்போகிறது, பத்தியம் பார்க்கத்தான் போகிறா. கட்டுநாயக்காவில் ஏறி, டோகாவில் மாறி, ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில் இறங்க வேண்டும். கூடப் போக ஆள் இல்லை. ஆங்கிலம் யெஸ், நோ, தேங்க்யூ மட்டும்தான்.

பிரச்சினை என்னவென்றால், எங்கள் ஒழுங்கையில் ஒருவர், “பிள்ளை பார்க்கப் போறன் எண்டு வாய் திறந்திடாதேங்கோ, அது வேலை செய்யிறது எண்டு திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். நயாகரா பார்க்க எண்டு சொல்லுங்கோ” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். டிக்கெட் போட்டுத் தந்தவர் வட்ஸப்பை முழுக்க அழித்துவிட்டுப் போகச் சொல்கிறார். அம்மா இப்போது அடுப்படியில் நின்று “நயாகரா, நயாகரா” என்று பாடமாக்கிக்கொண்டிருக்கிறா.

அங்கே தமிழில் பேச விடுவார்களா? போனைக் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டுமா? திருப்பி அனுப்பப் போகிறோம் என்று ஒரு தாளை நீட்டினால் என்ன செய்வது? சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

மானிப்பாய் அக்கா எழுதியது:

தம்பி, முதலில் அந்த நயாகராவை நிறுத்தச் சொல்லுங்கள். நான் ஸ்காபரோவில் ஒரு குடிவரவுச் சட்டத்தரணியின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை, ஆனால் இப்படி யாரோ சொல்லிக்கொடுத்ததை ஒப்புவித்து மாட்டிக்கொண்டவர்களின் கோப்புகள்தான் என் மேசையில் கிடக்கின்றன.

மகளின் பிள்ளையைத் தாய் சம்பளமில்லாமல் பார்ப்பது கனடாவில் வேலை அல்ல. இது என் கருத்து இல்லை. எது வேலை, எது வேலை இல்லை என்று கனடாக் குடிவரவுத் துறை தன் அதிகாரிகளுக்குக் கொடுத்திருக்கும் வழிகாட்டலில், பிள்ளை பார்க்க மகளுக்கு உதவும் தாய் என்பதே உதாரணமாக இருக்கிறது. ஆகவே மறைக்க ஒன்றும் இல்லை. பொய் சொன்னால்தான் ஆபத்து. குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவுப்படி கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். முக்கியமான விடயத்தைத் திரித்துச் சொன்னதாக முடிவானால் 40ஆம் பிரிவு வரும், 5 வருடம் உள்ளே வர முடியாது. விசா விண்ணப்பத்தில் தங்கச்சியின் பிரசவத்தைப் பற்றி எழுதியிருப்பீர்கள்தானே? அதிகாரியின் திரையில் அது இருக்கும். அங்கே போய் அம்மா நயாகரா என்றால் எப்படி இருக்கும்?

தமிழ்: தாராளமாகக் கேட்கலாம். “தமிழ், இன்டர்பிரெட்டர் பிளீஸ்” என்ற மூன்று சொல் போதும். போன் வழியாகவே மொழிபெயர்ப்பாளரை எடுப்பார்கள். விளங்காத கேள்விக்கு யெஸ் சொல்வதுதான் எங்கள் அம்மாமாரின் பெரிய வியாதி. மரியாதைக்குத் தலையாட்டுவா, அதிகாரி அதைப் பதில் என்று எழுதிவிடுவார். இதை மட்டும் அம்மாவுக்குத் திருப்பித் திருப்பிச் சொல்லுங்கள்.

சட்டத்தரணி: வழமையான விசாரணையில், மேலும் விசாரிக்க இரண்டாவது மேசைக்கு அனுப்பினாலும்கூட, சட்டத்தரணி வந்தால்தான் பேசுவேன் என்று நிற்க ஏலாது. 1993இல் டெகானி வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்த்தது. உண்மையாகவே தடுத்துவைத்தால் நிலைமை வேறு. அப்போது காரணத்தைச் சொல்ல வேண்டும், சட்டத்தரணியோடு பேச விட வேண்டும், 48 மணித்தியாலத்துக்குள் தடுப்பை மீளாய்வு செய்ய வேண்டும். அதற்குப் பிறகு 7 நாளில், பிறகு 30 நாளுக்கு ஒருக்கால்.

போன்: அதிகாரிகள் கேட்க முடியும். ஆனால் எல்லை என்பதற்காகக் காரணமே இல்லாமல் போனைத் தோண்டலாம் என்ற சுங்கச் சட்ட அதிகாரம் கனடாவின் உரிமைகள் சாசனத்துக்கு முரண் என்று 2020இல் அல்பேர்ட்டா மேன்முறையீட்டு நீதிமன்றமும் 2024இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லிவிட்டன. பார்க்கும்போது இணையத் தொடர்பை நிறுத்திவிட்டு, போனுக்குள் இருப்பதை மட்டும்தான் பார்க்க வேண்டும் என்பது கனடா எல்லைச் சேவையின் சொந்த விதி. கடவுச்சொல் தர மறுத்தால் போனை அவர்கள் வாங்கி வைத்துக்கொள்ளலாம், விசிட்டர் ஒருவருக்கு அதனால் உள்ளே போவதும் சிக்கலாகலாம். அதனால் அம்மாவுக்கு என் ஆலோசனை: கேட்டால் கொடுக்கட்டும். வட்ஸப்பை அழிக்க வேண்டாம். அறுபது வயதுத் தாயின் போனில் ஒரு காலை வணக்கப் படம்கூட இல்லையென்றால் எனக்கே சந்தேகம் வரும்.

அந்தத் தாள் விடயம்தான் கவனம். உள்ளே விடாத முடிவு இரண்டு விதமாக வரலாம். ஒன்று, கனடாவை விட்டுப் போக அனுமதிப்பது. அது வெளியேற்றக் கட்டளை அல்ல, பிறகு திரும்ப விண்ணப்பிக்கலாம். மற்றது விலக்கல் கட்டளை. அதோடு 1 வருடத் தடை வரும், திரித்துக்கூறல் என்றால் 5 வருடம். எந்தத் தாள் என்று கேட்காமல், தமிழில் வாசித்துக்காட்டாமல் கையெழுத்து வைக்க வேண்டாம். பிரதி கட்டாயம் கையில் இருக்க வேண்டும். கனடாவுக்குள் எடுத்த முடிவை எதிர்த்து சமஷ்டி நீதிமன்றம் போக 15 நாள்தான் இருக்கிறது. தங்கச்சி அன்றைக்கே ஒரு சட்டத்தரணியைப் பிடிக்க வேண்டும்.

சுன்னாகம் ராசன் எழுதியது:

அக்கா சட்டம் சொன்னா, நான் சூட்கேஸ் சொல்கிறேன். பத்தியம் பார்க்கப் போகிற அம்மா வெறுங்கையோடு போகமாட்டா. பத்தியக் கறிக்குப் போடும் சரக்குத்தூள், மிளகாய்த்தூள், கருவாடு, ஒடியல்மா எல்லாம் கட்டியிருப்பா. பியர்சன் மெஷினில் உணவுப் பொருள் இருக்கிறதா என்று கேட்கும்போது ஆம் என்று அழுத்த வேண்டும். சொல்லிவிட்டால், ஆகாததை எடுத்துப் போடுவார்கள், அவ்வளவுதான். மறைத்தால் 1,300 டொலர் வரை தண்டம். என் மாமி சரக்குத்தூளைப் பழைய பிளவுஸ் துணியில் முடிந்து சேலைக்குள் சுற்றி வைத்திருந்தா. பையைத் திறந்த அதிகாரிக்கு அந்த முடிச்சுத்தான் முதலில் கண்ணில் பட்டது. கடையில் வாங்கி, பெயர் அச்சடித்த பைக்கற்றாகக் கொண்டுபோனால் பாதித் தொல்லை இல்லை.

இன்னொன்று: தங்கச்சியின் பெயர், விலாசம், போன் இலக்கத்தைத் தாளில் எழுதிக் கைப்பையில் வையுங்கள். போனில் இருக்கிறதுதானே என்று விடாதேங்கோ. சார்ஜ் இறங்கினால் அம்மா என்ன செய்வா?

நல்லூர்வாசி எழுதியது:

எல்லோரும் பியர்சனைப் பற்றியே கதைக்கிறீர்கள். பயணம் கட்டுநாயக்காவில் அல்லவா தொடங்குகிறது? அங்கேயும் ஏன் போகிறீர்கள், யாரிடம் போகிறீர்கள் என்று கேட்பார்கள். 1987இல் வந்த 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி. நாட்டின் எந்தப் பகுதியிலும் அரச அதிகாரியோடு தமிழில் அலுவல் பார்க்க அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை இடம் தருகிறது. ஆகவே அம்மா அரைகுறைச் சிங்களத்தில் தடுமாறத் தேவையில்லை, தமிழ் தெரிந்தவரைக் கூப்பிடச் சொல்லலாம்.

விமானக் கம்பனிக்காரர் துருவித் துருவிக் கேட்பதும் சும்மா இல்லை. சரியான ஆவணம் இல்லாத ஆளை ஏற்றிப்போனால் கனடா அவர்களிடம்தான் பணம் அறவிடும். அழைப்புக் கடிதம், திரும்பிவரும் டிக்கெட், அம்மாவின் ஓய்வூதியப் பத்திரம், எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டுக் கையில் கொடுங்கள்.

கோப்பாய்ப் பொடியன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சரக்குத்தூள் கதைக்கு மட்டும் முகம் கறுத்துவிட்டது. ஒரு கேள்வி மிச்சம்: விசாவில் 2033 என்று திகதி இருக்கிறது. அப்படியென்றால் அதுவரைக்கும் நிற்கலாமா?

மானிப்பாய் அக்கா எழுதியது:

இல்லை, இல்லை! அது எந்தத் திகதி வரைக்கும் வந்து இறங்கலாம் என்பதற்கு. நிற்பதற்கு, அதிகாரி வேறு திகதி எழுதாவிட்டால், உள்ளே வந்த நாளிலிருந்து 6 மாதம். பாஸ்போட்டில் முத்திரையின் கீழே கையால் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தங்கச்சியை விமான நிலையத்திலேயே பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு மேலும் நிற்க வேண்டுமென்றால் அந்தக் காலம் முடிய முதலே நீடிக்க விண்ணப்பிக்க வேண்டும். அப்படிப் போட்டால் முடிவு வரும் வரைக்கும் சட்டப்படி நிற்கலாம். முடிந்த பிறகு போட்டால் அந்தச் சலுகை கிடையாது.