சிங்கப்பூர்த் தமிழ்ப் பள்ளிவாசல்: ஊர் ஜமாஅத் மாதிரியா?

உத்தமபாளையத்தான்:
அஸ்ஸலாமு அலைக்கும். தம்பி ஒர்க் பெர்மிட்டில் சிங்கப்பூர் போகிறான். தமிழில் குத்பா (வெள்ளிக்கிழமைத் தொழுகை உரை) எங்கே? ஊர் ஜமாஅத்துக்குக் கட்டுவதுபோல் அங்கேயும் பள்ளிவாசலில் சந்தா கட்டிப் பெயர் பதியணுமா? பின்னால் நிக்காஹ் (திருமணம்) என்றால் ஜமாஅத் கடிதம் யார் கொடுப்பார்கள்?

தேக்காவாசி:
வ அலைக்கும் ஸலாம் பாய். ஜும்ஆவில் தமிழ் கேட்க சவுத் பிரிட்ஜ் ரோடு ஜாமிஆ சூலியா (1826), டன்லப் தெரு அப்துல் கபூர், பென்கூலன் பள்ளி. தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) வருகிறவனுக்கு அப்துல் கபூர்தான் பக்கம். விக்டோரியா தெரு மலபார் பள்ளி மலையாளிகள் கட்டியது, அங்கே போய்த் தமிழ் பயான் (மார்க்க உரை) தேட வேண்டாம்.

ஒரு விஷயம். உங்கள் பக்கம் ஹனஃபி மத்ஹப் (சட்டப் பிரிவு). இங்கே தொழுகை நேர அட்டவணை ஷாஃபி மத்ஹப் கணக்கு, அதில் அஸர் (மாலைத் தொழுகை) முன்னதாகவே வரும். ஊர்க் கணக்கில் அஸருக்குப் போனால் பெரும்பாலான பள்ளிகளில் கூட்டுத் தொழுகை முடிந்திருக்கும். ஏறக்குறைய ஒரு மணி நேர வித்தியாசம். சுபுஹில் (அதிகாலைத் தொழுகை) நின்றபடி குனூத் துஆ ஓதும்போதும் திகைக்க வேண்டாம், பேசாமல் நின்றால் போதும்.

கீழக்கரை மரைக்கா:
சந்தா விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். குடும்பங்கள் ஒரு பள்ளிவாசலில் பதிந்திருக்கும் ஊர் மஹல்லா முறை இங்கே கிடையாது. தப்தர் (பதிவேடு) கிடையாது, தலைக்கட்டு (குடும்ப) வரி கிடையாது. சம்பளச் சீட்டில் எம்.பி.எம்.எஃப். என்று ஒரு பிடித்தம் வரும். 1975-ல் பள்ளிவாசல் கட்டத் தொடங்கிய நிதி அது, பிறகு மெண்டாக்கி என்ற முஸ்லிம் சமூக அமைப்பின் கல்வி நிதியும் சேர்ந்தது. அதைக் கட்டுகிறோமே என்று ஊர்ச் சந்தாவை நிறுத்திவிட்டால், பெண் வீட்டு ஜமாஅத் கடிதம் கேட்கும்போது ஊர் ஜமாஅத் பழைய பாக்கியை எடுத்து வைக்கும். மாதாமாதம் வீட்டிலிருந்தே கட்டச் சொல்லுங்கள்.

சிங்கப்பூர்க் குடிமகளையோ நிரந்தரவாசியையோ மணப்பதென்றால் கதையே வேறு. ஒர்க் பெர்மிட்காரருக்கு முதலில் மனிதவள அமைச்சின் அனுமதி வேண்டும். பிறகு முஸ்லிம் திருமணப் பதிவகம். பதிவகத்தை விட்டுவிட்டு, தெரிந்த ஹஜ்ரத்தை (மார்க்க அறிஞர்) வைத்து ரூமில் ஓதி முடித்தால் சட்டச் சிக்கல்தான்.

மௌத்து (மரணம்) பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் வீட்டில் சொல்லி வையுங்கள். இங்கே அடக்கினால் சுவா சூ காங் மையவாடிதான். கபருக்குத் தவணை 15 ஆண்டு. அதன்பின் தோண்டி, எச்சத்தைச் சின்ன கபருக்கு மாற்றிவிடுவார்கள்.

கஞ்சிச்சட்டி:
நோன்பில் கஞ்சி வாங்க அப்துல் கபூருக்குப் போனால் பிளாஸ்டிக் பை வேண்டாம், எவர்சில்வர் தூக்கு கொண்டுபோகச் சொல்லுங்கள். அஸருக்குப் பின் சுடச்சுட வாங்கி, மூடியை இறுக்கிப் பையில் வைத்து டார்மிட்டரி (தொழிலாளர் விடுதி) வரை பஸ்ஸில் போனால், தேங்காய்ப்பால் கஞ்சி புளித்துவிடும். மூடியைக் கொஞ்சம் திறந்து ஆவி போகவிட்டு, அறைக்குப் போனதும் ஒரு கொதி விட்டால் நல்லது. இறுகிவிட்டால் வெந்நீர் ஊற்றணும், பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அரிசி தனி, நீர் தனி.

உத்தமபாளையத்தான்:
ஜஸாகல்லாஹ் கைர். சந்தா இரண்டு மாதம் பாக்கி. நாளைக்கே கட்டிவிடுகிறோம்.