ஸ்வாப், பார்ட்டிஷன்: உங்கள் கணினியில் நடந்ததைப் பகிருங்கள்

தொடக்கப் பதிவு

லினக்ஸ் நிறுவ உட்காரும் எல்லோரும் முதலில் கேட்பது, "ரூட்டுக்கு எவ்வளவு ஜிபி, ஸ்வாப்புக்கு எவ்வளவு ஜிபி?" என்பதுதான். ரூட் என்பது சிஸ்டம் குடியிருக்கும் பார்ட்டிஷன் (டிஸ்கைப் பிரித்த ஒரு பகுதி), ஸ்வாப் என்பது ரேம் போதாதபோது கைகொடுக்க டிஸ்கில் ஒதுக்கும் இடம். நான் பார்த்தவரை அளவால் வந்த தொல்லை கொஞ்சம்தான். ஸ்வாப் டிஸ்கில் எந்த இடத்தில் இருக்கிறது, சிஸ்டம் அதை எந்தப் பெயரைச் சொல்லித் தேடுகிறது, இந்த இரண்டும்தான் ஆளைப் படுத்துகின்றன. ஒன்று சொல்கிறேன், உங்களுடையதையும் எழுதுங்கள்.

நண்பர் ஒருவரின் லேப்டாப்பில் டெபியன் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே இன்னொரு டிஸ்ட்ரோவையும் (டெபியன் போல வேறொரு லினக்ஸ் தொகுப்பு) போட்டுப் பார்த்தார். புதியது குறையில்லாமல் வந்தது. மறுபடி டெபியனுக்குள் போனால் கருப்புத் திரையில் சிவப்பு நட்சத்திரக் குறிகள் இடமும் வலமுமாக ஊர்கின்றன. பக்கத்தில் "ஸ்டார்ட் ஜாப் ஓடுகிறது" என்ற வரி, அதன் முடிவில் 1 நிமிடம் 30 விநாடி என்ற கெடு. அந்த 90 விநாடி ஓடி முடிந்ததும் டெஸ்க்டாப் வந்துவிடுகிறது. டிஸ்க் போய்விட்டது என்றே அவர் முடிவு கட்டியிருந்தார்.

நினைவக அளவைக் காட்டும் 'ஃப்ரீ' கட்டளையைப் போட்டுப் பார்த்தால் ஸ்வாப் பூஜ்யம். அப்போதே விஷயம் பிடிபட்டுவிட்டது. புதிய டிஸ்ட்ரோவின் நிறுவி, இருந்த ஸ்வாப் பார்ட்டிஷனைக் கண்டதும் தனக்கும் ஆகும் என்று ஃபார்மட் செய்திருக்கிறது. ஸ்வாப்பை ஃபார்மட் செய்யும் 'மேக்ஸ்வாப்' கட்டளை ஓடும்போதெல்லாம், நாமாக ஒன்றைக் கொடுக்காவிட்டால், புது யூயூஐடி (பார்ட்டிஷனை அடையாளம் காட்டும் நீளக் குறியீடு) பிறக்கும். எந்தெந்தப் பார்ட்டிஷனை இணைப்பது என்று பூட்டின்போது பார்க்கும் டெபியனின் எஃப்எஸ்டாப் கோப்பிலோ பழைய யூயூஐடி. இல்லாத பார்ட்டிஷனுக்காக சிஸ்டம்டி (பூட்டின்போது எல்லாவற்றையும் தொடங்கிவைக்கும் நிரல்) 90 விநாடி காத்திருந்து, பிறகு கைவிடுகிறது.

பார்ட்டிஷன்களைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிஎல்கே -எஃப்' போட்டுப் புதிய யூயூஐடியை எடுத்து எஃப்எஸ்டாபில் மாற்றினோம். நட்சத்திரங்கள் போய்விட்டன, ஆனாலும் பூட் தொடக்கத்தில் ஒரு தயக்கம் மிச்சமிருந்தது. இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பழைய யூயூஐடியின் இன்னொரு நகல் பூட் தொடக்கத்தில் ஏறும் சிறு தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ் உள்ளே, ஹைபர்னேட்டிலிருந்து (ரேமில் இருப்பதை ஸ்வாப்பில் எழுதிவிட்டுக் கணினி அணைவது) மீள்வதற்கான 'ரெஸ்யூம்' அமைப்பில் இருக்கும். இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் அடைவில், கான்ஃப்.டி என்பதற்குள் 'ரெஸ்யூம்' என்றே ஒரு கோப்பு உண்டு. அதையும் திருத்தி 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ' கொடுத்த பிறகுதான் முழுக்கச் சரியானது.

மறுமொழி 1

உங்களுடையது பெயர்ச் சிக்கல். என்னுடையது இடச் சிக்கல்.

அக்காவின் பழைய டெஸ்க்டாப், எம்பிஆர் (பழைய வகைப் பார்ட்டிஷன் அட்டவணை) டிஸ்க். ரூட் நிரம்பி வழிகிறது, டிஸ்கின் கடைசியில் காலி இடம் கிடக்கிறது. ஜிபார்ட்டெட்டில் (பார்ட்டிஷன்களைத் திருத்தும் நிரல்) பார்த்தால் முதலில் ரூட், அடுத்து எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் (மற்ற பார்ட்டிஷன்களை உள்ளே வைக்கும் உறை), அதன் வயிற்றுக்குள் எஸ்டிஏ5 என்று ஸ்வாப், அதற்கும் வலப்பக்கம் காலி இடம். எம்பிஆரில் பிரைமரி (முதல்நிலை) பார்ட்டிஷன் நான்குக்கு மேல் கிடையாது என்பதால் அந்தக் கால நிறுவிகள் ஸ்வாப்பை இப்படி உள்ளே திணிப்பது வழக்கம். எக்ஸ்டெண்டட்டுக்குள் இருக்கும் லாஜிக்கல் பார்ட்டிஷனின் எண் 5-இல் தொடங்குவதும் அதனால்தான். ரூட்டை வளர்க்க வேண்டுமென்றால் அதை ஒட்டியே காலி இடம் வேண்டும். நடுவில் ஸ்வாப் குறுக்கே படுத்திருக்கிறது.

லைவ் யூஎஸ்பியில் (நிறுவாமலே யூஎஸ்பியிலிருந்து ஓடும் லினக்ஸ்) ஏறிப் பார்த்தேன். எக்ஸ்டெண்டட் மேல் கை வைக்க முடியவில்லை, பக்கத்தில் சாவிக் குறி. லைவ் அமர்வுகள் சில, டிஸ்கில் ஸ்வாப்பைக் கண்டால் கேட்காமலே எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும். ஸ்வாப் மேல் ரைட் கிளிக், ஸ்வாப்ஆஃப், சாவி போய்விட்டது.

இணையத்தில் தேடினால் எக்ஸ்டெண்டட்டை வலப்பக்கம் நீட்டு, ஸ்வாப்பை நகர்த்து, எக்ஸ்டெண்டட்டின் இடப்பக்கத்தைச் சுருக்கு, பிறகு ரூட்டை வளர் என்று ஒரு நீளப் பட்டியல் கிடைக்கும். எதற்கு அவ்வளவு பாடு? ஹைபர்னேட் ஆகாத கணினியின் ஸ்வாப்பில் காப்பாற்ற ஒன்றுமே கிடையாது. அதை அழித்தேன், எக்ஸ்டெண்டட்டையும் அழித்தேன், ரூட்டின் வலது ஓரத்தை இழுத்துவிட்டேன். ஸ்வாப்புக்கு ரூட்டுக்குள்ளேயே ஒரு கோப்பு. உபுண்டுவே 17.04 முதல் புதிதாக நிறுவும்போது அதைத்தானே செய்கிறது! எஃப்எஸ்டாபில் பழைய ஸ்வாப் வரியை எடுத்துவிட்டுக் கோப்பின் வரியைச் சேர்ப்பது முக்கியம். இல்லாவிட்டால் அதே நட்சத்திர ஊர்வலம்தான்.

வலது ஓரத்தை இழுப்பது சட்டென்று முடிந்துவிடும். பார்ட்டிஷனின் தொடக்கத்தை இடப்பக்கம் நகர்த்தினால் உள்ளே இருக்கும் அத்தனை டேட்டாவும் இடம்பெயர வேண்டும். பெரிய ஹார்ட் டிஸ்கில் மணிக்கணக்கில் ஓடும், நடுவில் மின்சாரம் போனால் கதை கந்தல். அதைப் பேக்கப் இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.

மறுமொழி 2

ஸ்வாப் கோப்பு என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள் சார். ஃபைல்சிஸ்டத்தை (கோப்புகளை டிஸ்கில் அடுக்கும் முறை) பார்த்துத்தான் செய்ய வேண்டும். இஎக்ஸ்டி4 என்றால் பிரச்சினை இல்லை. 'டிடி' போட்டுக் கோப்பை உருவாக்கி, அனுமதியை 600 என்று மாற்றி, மேக்ஸ்வாப், ஸ்வாப்ஆன், அவ்வளவுதான். பிடிஆர்எஃப்எஸ் என்றால் அந்தக் கோப்புக்கு மட்டும் காப்பி-ஆன்-ரைட்டை (மாற்றத்தைப் பழைய இடத்தில் எழுதாமல் புது இடத்தில் எழுதும் முறை) நிறுத்த வேண்டும், கம்ப்ரஷனும் இருக்கக் கூடாது. பிடிஆர்எஃப்எஸ்-ப்ராக்ஸ் என்ற கருவித்தொகுப்பின் 6.1 பதிப்பு முதல் 'மேக்ஸ்வாப்ஃபைல்' என்ற துணைக்கட்டளை இதையெல்லாம் தானே பார்த்துக்கொள்கிறது. ஒன்று கவனியுங்கள்: ஸ்வாப் கோப்பு பயன்பாட்டில் இருக்கும் சப்வால்யூமை (பிடிஆர்எஃப்எஸ்ஸின் உட்பிரிவு) ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நகல்) எடுக்க முடியாது. ரூட் சப்வால்யூமிலேயே ஸ்வாப்பை வைத்துவிட்டு, "ஸ்னாப்ஷாட் வேலை செய்யவில்லை" என்று அலுவலகத்தில் ஒருவர் இரண்டு வாரம் புலம்பினார். ஸ்வாப்புக்குத் தனி சப்வால்யூம் கொடுத்ததும் தீர்ந்தது.

மறுமொழி 3

நான் இன்னும் ஸ்வாப் பார்ட்டிஷன் கட்சிதான். காரணம் ஹைபர்னேட். கோப்பிலிருந்து மீள வேண்டுமென்றால், அது டிஸ்கில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற ஆஃப்செட்டைக் கர்னலுக்கு (லினக்ஸின் மையக்கரு) சொல்ல வேண்டும். இஎக்ஸ்டி4-இல் 'ஃபைல்ஃப்ராக் -வி' கொடுத்தால் முதல் வரியில் தெரியும். கோப்பை அழித்துப் பெரிதாக மறுபடி உருவாக்கினால் எண் மாறிவிடும், பிறகு ஹைபர்னேட் ஆகும், எழுந்திருக்காது. பார்ட்டிஷனில் இந்த வம்பே இல்லை.

இன்னொன்று. செக்யூர் பூட் (கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் பூட் ஆக விடும் அமைப்பு) இயக்கத்தில் இருந்தால் பல டிஸ்ட்ரோக்களில் கர்னல் லாக்டவுன் (கர்னலின் பாதுகாப்புப் பூட்டு) ஹைபர்னேட்டையே தடுத்துவிடும். மெனுவில் அந்த பட்டனைக் காணோம் என்று ஸ்வாப்பைப் பெரிதாக்கிக்கொண்டே போகாதீர்கள். முதலில் பயாஸ் பக்கம் பாருங்கள்.

மறுமொழி 4

டெஸ்க்டாப்பில் டிஸ்க் ஸ்வாப் எதற்கு என்பதே என் கேள்வி! ஃபெடோரா டிஸ்ட்ரோவில் 33-ஆம் பதிப்பு (2020) முதல் இசட்ரேம்தான். ரேமுக்குள்ளேயே சுருக்கி வைத்துக்கொள்கிறது. டிஸ்க் சத்தமில்லை, யூயூஐடி தொல்லையும் இல்லை. ஹைபர்னேட் மட்டும் இதில் ஆகாது.

ஆனால் ஸ்வாப்பே வேண்டாம் என்று எடுத்துவிடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். ரேம் நிரம்பினால் ஏதாவது ஒரு புரோகிராம் செத்து மற்றவை பிழைக்கும் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. ஸ்வாப் இல்லாதபோது கர்னல், ஓடும் புரோகிராம்களின் குறியீட்டுப் பக்கங்களை ரேமிலிருந்து தள்ளிவிட்டு, அடுத்த நொடியே தேவைப்படும்போது டிஸ்கிலிருந்து மறுபடி படிக்கும். டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும், மவுஸ் அம்பு நகராது. ஸ்வாப் இல்லாமலே ஸ்வாப் அடிக்கும் கொடுமை.

ஸ்வாப்பினெஸ் 60 என்றால் ரேம் 60 சதவீதம் நிரம்பியதும் ஸ்வாப் தொடங்கும் என்பதும் கட்டுக்கதை. நிரல்களின் நினைவகத்தைத் தள்ளுவதா, கோப்புகளின் கேஷை (ரேமில் வைத்த நகல்) தள்ளுவதா என்று கர்னல் எடைபோடும் அளவு அது. கர்னல் 5.8 முதல் 200 வரை வைக்கலாம். இசட்ரேம் இருந்தால் 100-க்கு மேல் வைப்பதுதான் பொருத்தம்.

மறுமொழி 5

எல்லோரும் ஸ்வாப்பிலேயே நிற்கிறீர்கள். ரூட் நிரம்பியது என்று பார்ட்டிஷனை வெட்டுவதற்கு முன் ஒரு நிமிடம். டிஸ்கில் நிரம்பிய இடத்தைச் சொல்லும் 'டிஎஃப்' காட்டும் அளவும், கோப்புகளைக் கூட்டிச் சொல்லும் 'டியூ' காட்டும் அளவும் பெரிய அளவில் ஒத்துப்போகாவிட்டால், அழித்த கோப்பை ஏதோ ஒரு புரோகிராம் இன்னும் திறந்து வைத்திருக்கலாம். 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' காட்டிக்கொடுக்கும். அந்த புரோகிராமை மூடித் திறந்தாலே இடம் வந்துவிடும். அப்புறம், ஹோம் (பயனர்களின் கோப்புகள் இருக்கும் இடம்) தனி பார்ட்டிஷனாக இஎக்ஸ்டி4-இல் இருந்தால், அதிலும் ரூட் என்ற நிர்வாகிப் பயனருக்கென்று 5 சதவீதம் ஒதுக்கப்பட்டிருக்கும். 1 டிபி டிஸ்கில் அது 50 ஜிபி! 'ட்யூன்2எஃப்எஸ் -எம் 1' என்று குறைத்துக்கொள்ளலாம். ரூட் பார்ட்டிஷனில் மட்டும் அதை விட்டுவையுங்கள்.

மறுமொழி 6

தொடக்கப் பதிவு போட்ட அண்ணாவுக்கு: நானும் இப்போது டெபியன் பக்கத்தில் இன்னொன்றைப் போடப்போகிறேன். ஸ்வாப்பைத் தொடாதே என்று நிறுவியிடம் எங்கே சொல்வது?

தொடக்கப் பதிவர்

மேனுவல் பார்ட்டிஷனிங் எடுங்கள் தம்பி, தானியங்கி வேண்டாம். ஸ்வாப் பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து "பயன்படுத்த வேண்டாம்" என்று மாற்றுங்கள். டெபியன் நிறுவியாக இருந்தால், பட்டியலில் ஸ்வாப்புக்கு நேரே ஃபார்மட்டைக் குறிக்கும் 'எஃப்' எழுத்து மறைந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள். புதியதற்கு ஸ்வாப் கோப்போ இசட்ரேமோ போதும். டெபியனை ஹைபர்னேட்டில் வைத்துவிட்டு மற்றதற்குள் நுழையும் பழக்கம் இருந்தால் இரண்டுக்கும் ஒரே ஸ்வாப் கூடவே கூடாது. பாதுகாப்புக்கு இப்போதே 'எல்எஸ்பிஎல்கே -எஃப்' காட்டுவதை ஒரு கோப்பில் எடுத்து பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். யூயூஐடி மாறியே விட்டாலும், அந்த ஸ்வாப்பை அணைத்துவிட்டு 'ஸ்வாப்லேபல் -யூ' என்று பழையதைக் கொடுத்தால் மறுபடி ஃபார்மட் செய்யாமலே பழைய பெயருக்குத் திரும்பிவிடும், டெபியன் பக்கம் எதையும் திருத்த வேண்டியதில்லை.